கழி அளவுக்கு ஒரு டிராக்டர்

எங்கள் நிலத்துக்குப் போகிற வழி இரண்டு சுவர்களுக்கு நடுவில் இருந்தது. வலது பக்கம் ஒரு குடோன். இடது பக்கம், சென்னையில் இருக்கிற ஒருவர் வாங்கிப் போட்டிருந்த மனை. உள்ளே வீடு கிடையாது, கிணறு கிடையாது, நிழலுக்கு ஒரு வேப்பங்கன்றுகூடக் கிடையாது. காம்பவுண்டு சுவர் மட்டும் ஜோராக எழும்பி நின்றது. அந்தச் சுவர் வருவதற்கு முன்னால் அங்கே நெல் மூட்டை ஏற்றின லாரியே போய்வரும். எல்லாரும் போய்வந்ததால் அதைப் பாதை என்று நினைத்துக்கொண்டிருந்தோம். வரைபடத்தில் அது பாதையே இல்லையாம். சுவர் எழும்பி முடிந்த பிறகு எங்களுக்கு மிஞ்சியது ஒரு சந்து.

அந்தச் சந்தில் டிராக்டர் நுழையாது. கருங்குழிப் பக்கம் வாடகைக்கு ஓடுவதெல்லாம் பெரிய டிராக்டர்கள். டிரைவர்கள் வந்து, சந்தைப் பார்த்து, எங்களை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, வந்த வழியே ரிவர்ஸ் எடுத்துப் போனார்கள். ஒரு வருடம் நிலம் கோரை மண்டிக் கிடந்தது. பொங்கலுக்கு வந்த என் வீட்டுக்காரரின் அண்ணன் வரப்பில் நின்று அதைப் பார்த்தார். அவர் தாம்பரத்தில் வேன் வைத்து வாடகைக்கு விடுகிறவர். நிலம் அண்ணன் தம்பி இருவருக்கும் பொது.

"இன்னும் ஒரு வருசம் இப்டியே கெடந்தா, மனை போட்டு விக்கற பிளாட்டுக்காரனுக்கு எழுதிக் குடுத்துடலாம்டா. எனக்கும் பொண்ணு கல்யாணம் கீது" என்றார்.

"ஒரே ஒரு போகம் குடுண்ணா" என்றார் என் வீட்டுக்காரர். "இந்த சம்பாவ வெளைச்சுக் காட்டறேன். முடியலன்னா நீ சொல்ற எடத்துல கையெழுத்துப் போடறேன்."

அண்ணன் தலையாட்டினார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. பெண்ணைப் பெற்றவர். ஆனால் அவர் தலையாட்டின வேகத்தைப் பார்த்தால், தம்பியால் முடியாது என்று முடிவு கட்டிவிட்டுத்தான் ஆட்டினார் என்று எனக்குப் பட்டது.

என் வீட்டுக்காரரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கம்பெனி ஆட்களை ஏற்றிப் போகும் மினி வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு விபத்தில் முட்டி போனது. அதன் பிறகு பழைய மகாபலிபுரம் சாலையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாட்ச்மேன் வேலை. ஒவ்வொரு கார் வரும்போதும் எழுந்து நின்று சல்யூட் வைக்க வேண்டும். முட்டி மடங்காத ஆளுக்கு உட்கார்ந்து எழுவதுதான் வேலை என்றால் எப்படி இருக்கும்? எழுந்திருக்க நேரமாகிவிட்டது என்று ஒரு கார்க்காரர் கண்ணாடியை இறக்கி எல்லார் முன்னாலும் கத்தியிருக்கிறார். அன்றைக்கே இவர் வேலையை விட்டு வந்துவிட்டார். இரண்டு நாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. வாட்ச்மேன் வேலைக்குக் கொடுத்த சாம்பல் நிறச் சட்டையை மட்டும் துவைத்துக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டி வைத்தார். தூக்கிப் போடுங்களேன் என்றேன். "இருக்கட்டும். எப்ப வேணும்னு யாருக்குத் தெரியும்" என்றார். கதவைச் சாத்தும்போதெல்லாம் அந்தச் சட்டை எங்களைப் பார்த்தது. அவருக்கு நிலம் என்றால் அந்தச் சட்டையைப் போடாமல் இருப்பது, அவ்வளவுதான். மண் வாசனை, மூதாதையர் என்று பேசுகிற ஆள் இல்லை அவர்.

பவர் டில்லர் வாங்கினால் என்ன என்று பள்ளிக்கூடத்தில் எல்லாரும் என்னைக் கேட்டார்கள். நான் சத்துணவு அமைப்பாளர். எனக்கு யோசனை சொல்லாத வாத்தியார் கிடையாது. பவர் டில்லருக்குப் பின்னால் சேற்றில் நாள் முழுக்க நடக்க வேண்டும். அந்த முட்டியை வைத்துக்கொண்டு எங்கே நடப்பது? வாடகைக்கு ஓட்ட வந்தவர் கால் பங்கு நிலத்தை உழுதுவிட்டு, ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வருகிறேன் என்று போனார். கல்யாணம் இன்னும் முடியவில்லை போலிருக்கிறது. ஆக, உட்கார்ந்து ஓட்டுகிற வண்டி வேண்டும், அது சந்தில் நுழையவும் வேண்டும். இப்போது வருகிற புதுச் சின்ன டிராக்டர்களை எட்டிப் பார்க்கவும் எங்களுக்கு வசதி இல்லை. முப்பது நாற்பது வருடத்துக்கு முன்னால் வந்த பழைய சின்ன டிராக்டர் ஏதாவது கிடைக்குமா என்று தேட ஆரம்பித்தார்.

தேடுவதற்கு முன்னால் ஒரு வேலை செய்தார். சவுக்குக் கழி ஒன்றை எடுத்துப் போய்ச் சந்தின் இரண்டு சுவர்களுக்கும் நடுவில் வைத்து, சரியாக அந்த அளவுக்கு வெட்டிக்கொண்டு வந்தார். டேப் இருக்கிறதே என்றேன். "டேப்ல நெம்பரு வரும். கழில வழி வரும்" என்றார். அன்று முதல் எங்கே போனாலும் கழியும் கூடவே வந்தது. பைக்கில் பின்னால் உட்கார்ந்து அதைப் பிடித்துக்கொள்வது என் வேலை. குறுக்கே பிடித்தால் எதிரே வருகிறவன் திட்டுவான், நட்டமாகப் பிடித்தால் என் தோள் வலிக்கும். ஒருமுறை திருக்கழுக்குன்றத்தில் டீக்கடையில் நின்றபோது, எந்தக் கோயிலுக்கு வேண்டுதல் என்று ஓர் அம்மா கேட்டாள். எந்தக் கோயில் என்று எனக்கே தெரியவில்லை என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தேன்.

முதலில் பார்த்தது நீல டிராக்டர். மதுராந்தகம் தாண்டி உள்ளே ஒரு ஊரில், பெரியவர் ஒருவர் கொட்டகையில் நிறுத்தி வைத்திருந்தார். பையன்கள் வெளிநாட்டில், உழுவதற்கு நிலமும் மிச்சமில்லை. ஆனால் வண்டியை வாரத்துக்கு ஒருமுறை ஸ்டார்ட் பண்ணி, களத்தை ஒரு சுற்றுச் சுற்றிவந்து நிறுத்துவாராம். நீலம் வெளுத்திருந்தாலும் அழகான நீலம். இப்போது அந்த நிறத்தை எந்த வண்டியிலும் பார்க்க முடியாது. சீட்டுக்கு அடியில் ஸ்பிரிங் முழுசாக இருந்தது. சுவிட்சைத் திருப்பினதும் ஒரு இருமல்கூட இல்லாமல் பிடித்துக்கொண்டது.

"மாமல்லபுரத்துல ரிசார்ட்டுக்காரன் ஒர்த்தன் கேட்டான்பா" என்றார் பெரியவர். "புல்தரைல நிக்க வைக்கணுமாம். ஓடற வண்டிய பொம்மையா நிக்க வைக்கவா குடுப்பேன்? போடான்னுட்டேன். உழறவன் கேட்டா குடுப்பேன். ஏறி ஓட்டிப் பாரு."

ஏறினார். முட்டி மடங்காத அந்தக் கால், கிளட்ச் பெடலின் மேல் தானாகப் போய்ப் பொருந்தியது. களத்தை ஒரு சுற்று. பிறகு யாரும் சொல்லாமலே இன்னொரு சுற்று. திரும்பி வரும்போது அவர் முகத்தைப் பார்த்தேன். எங்கள் கல்யாணத்தில்கூட அந்த மனுஷன் அப்படிச் சிரித்ததில்லை, நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவள், எனக்குத் தெரியும். இறங்கி, கழியை வாங்கி, பின் சக்கரங்களுக்கு நேரே பிடித்தார். இரண்டு பக்கமும் டயர் கழியைத் தாண்டி நின்றது. இந்தப் பக்கம் நாலு விரல், அந்தப் பக்கம் நாலு விரல்.

கழியைத் திருப்பிப் பிடித்துப் பார்த்தார். பின்பக்கம் போய் நின்று பார்த்தார். குனிந்து பார்த்தார்.

"கழிய மாத்திப் புடிச்சா வண்டி எளைக்குமா?" என்றார் பெரியவர். கேலியாகச் சொன்னாலும் அவருக்கும் வருத்தம்தான். சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் போட்டு உள்ளே தள்ளலாமே என்று என் வீட்டுக்காரர் கேட்டார். "தள்ளித்தாம்பா கீது. இதுக்கு மேல போனா மட்காட்ல இடிக்கும்" என்றார் அவர்.

எட்டு விரல். முழுசாக ஒரு சாண்கூட இல்லை. சென்னைக்காரர் சுவரில் மூலைத் தூணைக் கொஞ்சம் செதுக்கிக் கொடுத்தால் போதும். குடோன்காரனிடம் பேச்சே வேண்டாம், அவன் ஆள் விட்டு மிரட்டுகிற ரகம். சென்னைக்காரரின் நம்பரைத் தேடிப் பிடித்துப் பேசினோம். மரியாதையான மனிதர். சார் சார் என்றுதான் பேசினார். எஞ்சினியரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார். ஒரு வாரம் கழித்துப் பேசினால், எஞ்சினியர் ஊரில் இல்லை. அப்புறம் பேசினால், வாஸ்துப்படி அந்த மூலையில் கை வைக்கக் கூடாதாம். செலவை நாங்களே ஏற்றுக்கொள்கிறோம், மறுபடியும் பூசிக் கொடுத்துவிடுகிறோம் என்றோம். "பாக்கலாம் சார்" என்றார். அந்தப் 'பாக்கலாம்' என்ற சொல்லைக் கேட்டாலே இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. முடியாது என்று சொல்லித் தொலைத்தால் என்ன? அதற்குள் ஆடி பாதி போய்விட்டது.

சிவப்பு டிராக்டரைப் பற்றி ஒரு மீன் வண்டிக்காரர் சொன்னார். நெம்மேலிப் பக்கம் ஒரு குப்பத்தில், படகுகளைக் கடலிலிருந்து கரைக்கு இழுக்கிற டிராக்டர் ஒன்று விலைக்கு வருகிறது, பார்க்கச் சின்னதாக இருக்கும் என்றார். கழியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினோம். திருவிடந்தையில் கல்யாண வேண்டுதலுக்கு வந்தவர்கள் மாலையும் கழுத்துமாகக் கோயிலைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். நான் வெளியிலிருந்தே ஒரு கும்பிடு போட்டேன். அங்கே வேண்டிக்கொள்ள வேண்டிய விஷயம் இல்லைதான், ஆனாலும் போட்டு வைத்தேன்.

அந்த டிராக்டரைப் பார்த்ததும் எனக்குத் திரும்பிப் போகலாம் என்று தோன்றியது. சிவப்பு என்று சொன்னார்களே தவிர, சிவப்பு எங்கே என்று தேட வேண்டியிருந்தது. மேலிருந்து கீழே வரை கறுப்பு. கழிவு எண்ணெயும் கிரீசும் அப்பி, அதன் மேல் மணல் ஒட்டி, அடுப்பில் மறந்துவிட்ட பால் சட்டி மாதிரி நின்றது. வண்டிக்காரர் கடலுக்குப் போகிறவர், என் வீட்டுக்காரர் வயதுதான்.

"ஏன் விக்கற?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"மணலு எங்க கீது, இஸ்துகினு வர?" என்று கடலைக் காட்டினார் அவர். கடல், வீடுகளுக்குப் பக்கத்திலேயே வந்து கல்லில் அடித்துக்கொண்டிருந்தது. "முன்ன அவ்ளோ தூரம் மணலு. படகு ஒவ்வொண்ணா இழுத்தா ஒரு பொழுது ஆவும். இப்ப இழுக்கறதுக்குள்ள வூடு வந்துடுது."

எங்களுக்குப் பாதை இல்லை, அவருக்குக் கரை இல்லை. நல்ல பொருத்தம் என்று நினைத்துக்கொண்டேன்.

கழியைப் பிடித்தால் சிவப்பும் கழியைத் தாண்டியது. என் வீட்டுக்காரர் கழியைக் கீழே ஊன்றிக்கொண்டு நின்றார். கடலோர ஆள்தான், "இரு அண்ணாத்த, மணல்ல சாயக் கூடாதுன்னு சக்கரத்த வெளியே தள்ளிப் போட்டுகிறேன். திருப்பிப் போட்டா உள்ள போவும்" என்றார். ஜாக்கி மணலில் புதைந்தது. படகுப் பலகையை அடியில் கொடுத்து, இரண்டு பேரும் கொதிக்கிற வெயிலில் சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் போட்டார்கள். அவர் வீட்டுப் பெண் எனக்கு மோர் கொடுத்தாள். போட்டு முடித்ததும் கழியைப் பிடித்தார் என் வீட்டுக்காரர். இந்த முறை கழி, டயரைத் தாண்டி இரண்டு பக்கமும் ஒவ்வொரு விரல் நின்றது. என்னைத் திரும்பிப் பார்த்தார். சிரிக்கவில்லை. அப்பாடா என்று ஒரு மூச்சு விட்டார், அவ்வளவுதான்.

விலை இரண்டு வண்டிக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். என்னுடைய நகையும் இரண்டுக்கும் ஒன்றுதான். அதனால் அந்தப் பேச்சை விட்டுவிடுகிறேன்.

திரும்பி வரும் வழியில் மாமல்லபுரத்தில் நிறுத்தி இட்லி சாப்பிட்டோம். "உனக்கு எதும்மா புடிச்சிது?" என்று கேட்டார்.

"நீலம்" என்றேன்.

"எனக்குந்தான்" என்றார். "அத்த வாங்கி எங்க ஓட்டறது, ஊட்டாண்டயா?"

மனுஷன் தனக்குப் பிடித்த வண்டியை வாங்கக்கூட யாரோ ஒருவனுடைய சுவரைக் கேட்க வேண்டியிருந்தது. இட்லியை முழுசாகச் சாப்பிடவில்லை.

சிவப்பை எடுத்து வரும்போது அந்தக் கடல்காரர் ஒன்று சொன்னார். "டெய்லி சாயங்காலம் நல்ல தண்ணில ஒரு கழுவு, அப்பால எண்ணெய ஒரு பூச்சு. அது மட்டும் மறக்காத அண்ணாத்த." என் வீட்டுக்காரர் சரி சரி என்றார். திருக்கழுக்குன்றம், செங்கல்பட்டு, பாலாற்றுப் பாலம் என்று வழி நெடுக அவர் டிராக்டரில் முன்னால் போக, தெரிந்த பையன் ஒருவன் ஓட்டிய எங்கள் பைக்கில் நான் பின்னால் வந்தேன். காலையில் கிளம்பினது, வீடு வந்து சேர இருட்டிவிட்டது. வண்டி புகையாக விட்டாலும் எங்கேயும் நிற்கவில்லை. அதற்குள் எனக்கும் கொஞ்சம் நம்பிக்கை வந்துவிட்டது என்பதை மறைப்பானேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. ஏர் ஆனாலும் டிராக்டர் ஆனாலும், முதல் உழவுக்கு வயலில் இறக்கும்போது சுத்தமாக இறக்க வேண்டும். கழுவி, மஞ்சள் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்கி இறக்குவோம். அழுக்கு வண்டியை நிலத்தில் இறக்குகிறவனைப் பார்த்து ஊர் சிரிக்கும். எண்ணெய் வடிகிற டிராக்டர் என்றால் எங்கள் ஊரில் ஒன்றே ஒன்றுதான் அர்த்தம்: பராமரிக்கத் தெரியாத சோம்பேறியின் வண்டி. கடல்காரர் சொன்னதை என் வீட்டுக்காரர் மறக்கவில்லை. "அது உப்புக் காத்துக்கு. நம்ம வயல்ல இன்னா உப்பா கீது?" என்றார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது.

மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்து, கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தார். சோப்புத் தூள் போட்டு மறுபடி தேய்த்தார். கறுப்பு, கட்டி கட்டியாகப் பெயர்ந்து வந்தது. அதனடியில் துருவும் பட்டை பட்டையாக வந்தது. துரு வர வர, நல்லதுதான், அழுக்கு போகிறது என்று இன்னும் அழுத்தித் தேய்த்தார். மிச்சமிருந்த இரும்பின் மேல் சிவப்புப் பெயிண்ட் அடித்தார். சாயங்காலம் வெளியே நின்று பார்த்தபோது, அடடா, புதுசு மாதிரித்தான் இருந்தது. நான்தான் பொட்டு வைத்தேன்.

சந்துக்குள் நுழைந்த அன்று வேடிக்கை பார்க்க அக்கம்பக்கம் எல்லாம் வந்துவிட்டது. சேற்றுழவுக்குப் போடுகிற இரும்புக் கூண்டுச் சக்கரங்களை மாட்டினால் வண்டி அகலமாகிவிடும் என்பதால், அவற்றைத் தனியாக உருட்டிக்கொண்டு போய் உள்ளே வைத்துவிட்டோம். எலுமிச்சம்பழம் நசுங்கியது. ஒரு பக்கம் ஒரு விரல், மறுபக்கம் ஒரு விரல். ஸ்டியரிங்கை மயிரிழை ஆட்டாமல் ஓட்டிக்கொண்டு போனார். சென்னைக்காரர் சுவரில் ஒரு கீறல்கூட விழவில்லை. உள்ளே போய் நின்றதும், "விட்டார்யா உள்ள" என்று யாரோ சத்தமாகச் சொன்னார்கள்.

மழை பெய்து வயலில் தண்ணீர் நின்றது. கூண்டுச் சக்கரத்தை மாட்டிச் சேற்றில் இறக்கினார். கோரை மடங்கி மடங்கி உள்ளே போனது. கொக்குகள் எங்கிருந்தோ வந்து பின்னாலேயே நடந்தன. நான் வரப்பில் டீயோடு நின்றிருந்தேன். இத்தனை நாள் கோரையாகக் கிடந்த இடம் கருகருவென்று சேறாக மாறுவதைப் பார்க்கப் பார்க்க, பொங்கலுக்கு அண்ணன் வந்து நின்று என்ன சொல்லப்போகிறார் என்று மனசுக்குள் பேசிப் பார்த்துக்கொண்டேன்.

பாதி வயல் முடிந்தபோது சத்தம் மாறியது. மாவரைக்கிற இயந்திரத்தில் கல் விழுந்த மாதிரி ஒரு கரகரப்பு. அவர் நிறுத்தி, இறங்கி, முழங்கால் சேற்றில் நின்று காதை வைத்துக் கேட்டார். மறுபடி ஏறி கியர் போட்டார். ஏதோ உடைந்தது. சக்கரம் நின்றது. எஞ்சின் மட்டும் ஒன்றுமே நடக்காதது மாதிரி ஓடிக்கொண்டிருந்தது.

கருங்குழியிலிருந்து மெக்கானிக் வந்தார். கியர் பெட்டியின் அடி போல்ட்டைக் கழற்றினதும், எண்ணெய் வர வேண்டிய இடத்தில் பால் டீ நிறத்தில் சேற்றுத் தண்ணீர் கொட்டியது. விரலால் தடவிப் பார்த்தார். "பொட்டியோட மேல் ஓடு, இந்தக் கேசிங்கு, சல்லடையா கீது அண்ணே. உப்பு தின்னுட்டுகீது. கிரீசும் கறுப்பும் ஓட்டய அடச்சிகினு இருந்துருக்கும், அதான் இத்தினி நாளு ஓடிகீது. தேச்சீங்களா இன்னா?"

என் வீட்டுக்காரர் அந்த போல்ட்டைக் கையில் வாங்கிச் சேற்றைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

உள்ளே பல்லெல்லாம் போய்விட்டது, இங்கேயே வைத்துப் பார்க்க முடியாது, பட்டறைக்கு இழுத்து வர வேண்டும், அந்தக் காலத்து வண்டிக்கு கேசிங் கிடைப்பதும் குதிரைக் கொம்பு என்றார் மெக்கானிக். இழுப்பதற்கு இன்னொரு டிராக்டர் வேண்டும். இன்னொரு டிராக்டர் அந்தச் சந்தில் நுழையாது. உள்ளே போவதற்குக் கழியை வெட்டிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றினோமே, வெளியே வருவதைப் பற்றி எங்கள் இரண்டு பேர் மூளைக்கும் எட்டவில்லை. வடம் கட்டி ஆட்களை வைத்து இழுத்தோம். கூண்டுச் சக்கரம் இன்னும் கொஞ்சம் கீழே இறங்கியதுதான் மிச்சம்.

அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரர் கடல்காரருக்குப் போன் போட்டார். சண்டை போடப்போகிறார் என்று நினைத்தேன். இல்லை. ஸ்பீக்கரில் போட்டதால் எனக்கும் கேட்டது.

"இன்னா அண்ணாத்த, வண்டி எப்டி கீது?"

"நின்னுடுச்சிப்பா."

"எண்ண பூசனியா?"

"கழுவிட்டம்பா."

பின்னால் அலைச் சத்தம் கேட்டது. "சோப்பு போட்டா?" என்றார் அவர்.

"ஆமா."

"ஐயோ" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். யார் முதலில் போனை வைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது.

உழுத பாதியில் மட்டுமாவது நடலாம் என்று நாற்று கேட்டுப் போனார். நாற்று இருந்தவர்களிடம் ஆள் இல்லை. ஆள் கிடைத்தபோது நாற்று முற்றிவிட்டது. உழுத பாதியிலும் கோரை மறுபடி கிளம்பியது. உழாத பாதியைவிடப் பசுமையாகக் கிளம்பியது என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. நடுவில் அந்தச் சிவப்பு வண்டி, நான் வைத்த பொட்டோடு நின்றது. மழையில் குங்குமம் கரைந்து ஹெட்லைட்டுக்குக் கீழே வழிந்திருந்தது. ஐப்பசி மழையில் பெயிண்டும் உரிந்தது.

பொங்கலுக்கு அண்ணன் வந்தார். வரப்பில் நின்று பார்த்தார். தம்பியின் தோளில் கையை வைத்துவிட்டு எடுத்துக்கொண்டார். அவர் ஏதாவது திட்டியிருந்தால் நான் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அதற்கும் வழியில்லாமல் போய்விட்டது. தை முடிவதற்குள் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.

அதன் பிறகு நடந்ததுதான் என்னால் இன்றைக்கும் செரிக்க முடியாதது. எங்கள் நிலத்தை வாங்கின பிளாட்டுக்காரர் சென்னைக்காரரிடம் ஒரே ஒரு முறை பேசினார். என்ன பேசினாரோ, என்ன கொடுத்தாரோ, ஒரு காலை வேளையில் ஜேசிபி வந்து அந்தச் சுவரை இடித்தது. எஞ்சினியர் இல்லை, வாஸ்து இல்லை, பாக்கலாம் இல்லை. நான் பள்ளிக்கூடத்தில் அரிசி களைந்து போடுவதைப் பார்த்துவிட்டு வருவதற்குள் இடித்து முடித்துவிட்டார்கள். எட்டு விரல் கேட்டவர்களுக்குக் கிடைக்காத இடத்தில், இரண்டு லாரி எதிரும் புதிருமாகப் போகிற அகலத்துக்குத் தார் ரோடு வந்தது. என் வீட்டுக்காரர் கழியை எடுத்துப் போய் அங்கே வைத்துப் பார்க்கவில்லை. வீட்டில் எங்கே வைத்தார் என்றும் நான் கேட்கவில்லை.

மனைகளைப் பார்த்துக்கொள்ள உள்ளூர் ஆள் ஒருவர் வேண்டும் என்றார் பிளாட்டுக்காரர். இளவயதுக்காரர், அண்ணா அண்ணா என்று இனிக்க இனிக்கப் பேசுகிறவர். கதவுக்குப் பின்னாலிருந்த சாம்பல் சட்டை ஆணியை விட்டு இறங்கியது. நான்தான் இஸ்திரி போட்டுக் கொடுத்தேன்.

ஒரு நாள் மத்தியானம் சோறு எடுத்துக்கொண்டு போனேன். ஜேசிபி அந்தச் சிவப்பு டிராக்டரைச் சேற்றிலிருந்து தூக்கி, நுழைவாயில் வளைவுக்குப் பக்கத்தில் சிமெண்டு மேடையில் வைத்துக்கொண்டிருந்தது. சுற்றிலும் புல் பதிக்கப் போகிறார்களாம். பண்ணை மனை என்று விளம்பரம் செய்வதால், டிராக்டர் நின்றால் வருகிறவர்கள் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்களாம். பிளாட்டுக்காரர் பெயிண்டரோடு நின்றிருந்தார். என் வீட்டுக்காரரும் சட்டைப் பொத்தானைக் கழுத்து வரை போட்டுக்கொண்டு நின்றிருந்தார்.

"அண்ணா, வண்டி உங்களுதுதானே, நீங்களே சொல்லுங்க" என்றார் பிளாட்டுக்காரர். பாவம், மரியாதையாகத்தான் கேட்டார். "பழைய சிவப்பே அடிச்சிடலாமா? இல்ல வேற இன்னா கலரு அடிக்கலாம்?"

என் வீட்டுக்காரர் கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"நீலம்" என்றார்.

பெயிண்டர் அட்டையை விரித்துக் காட்டினான். எத்தனையோ நீலம் இருந்தது அதில். இவர் ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்து, இது இல்லை, இது இல்லை என்றார். கடைசியில் ஒன்றைத் தொட்டு, இதில் கொஞ்சம் வெள்ளை கலந்தால் சரியாக வரும், வெளுத்த மாதிரி இருக்க வேண்டும் என்று சொன்னார். நான் சோற்றுத் தூக்கை அவர் நாற்காலி மேல் வைத்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.